ஒரு காரின் தாய்ப்பத்திரம்: நான்கு புகாட்டி அட்லாண்டிக்குகள்

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனாவது ஓனர்?" என்றுதான். "சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ், ஆக்சிடென்ட் ஆகாத வண்டி" என்று விளம்பரத்தில் இருந்தாலே விலை கொஞ்சம் ஏறிவிடும். அப்புறம் பெயர் மாற்றும் நாளில் ஒருவர் பானெட்டைத் திறந்து, சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, மேலே ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். வெள்ளைத் தாளில் எண்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் வேலை நின்றுவிடும்.

கோடிகளில் விலைபோகும் அரிய பழைய கார்களின் உலகத்திலும் இதே இரண்டு கேள்விகள்தான். இது உண்மையிலேயே அந்த வண்டிதானா? தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து யார் யார் கையில் இருந்தது? இரண்டுக்கும் கிடைக்கும் பதில்களைச் சேர்த்து அந்தக் காரின் உடைமை வரலாறு என்கிறார்கள். வீடோ நிலமோ வாங்கும்போது தாய்ப்பத்திரத்தில் தொடங்கி வில்லங்கச் சான்றிதழ் வரை கண்ணி விடாமல் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதேதான். இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காரை எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். அதன் பெயர் புகாட்டி 57 எஸ்சி அட்லாண்டிக். 1936 முதல் 1938 வரை நான்கே நான்கு செய்தார்கள். நான்குக்கும் நான்கு தலையெழுத்து.

முதலில் காரைப் பார்த்துவிடலாம். எத்தோரே புகாட்டியின் தொழிற்சாலை பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் மோல்சைம் என்ற சிற்றூரில் இருந்தது. அவருடைய மூத்த மகன் ழான். 1935 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் 'ஏரோலித்' என்ற மாதிரிக் காரை ழான் வடிவமைத்து நிறுத்தினார். அப்போது அவருக்கு வயது 26. நீர்த்துளியை நீட்டி இழுத்தது போன்ற உடல், கூரைக்குள் வளைந்து ஏறும் கதவுகள். எல்லாவற்றையும்விடக் கண்ணை இழுத்தது அதன் முதுகுத்தண்டு: முன்கண்ணாடியின் நடுவில் தொடங்கிக் கூரை வழியாக வால் வரை ஓடும் ஒரு மெல்லிய உலோக முகடு, அதன் நெடுக வரிசையாக ரிவெட்டுகள்.

அந்த ரிவெட்டுகள் ஏன்? எலக்ட்ரான் என்ற மக்னீசியக் கலப்பு உலோகத்தில் உடலைச் செய்ததுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் மக்னீசிய நாடாவைப் பற்றவைத்துப் பார்த்திருப்பீர்கள். கண் கூசும் வெள்ளை ஒளியோடு எரியும். அப்படிப்பட்ட உலோகத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் தீயைக் கொண்டுபோக முடியாது. அதனால் உடலை இடது வலது என்று இரண்டு பாதியாகச் செய்து, ஓரங்களை வெளிப்பக்கமாக மடித்து, விமானத் தகடுகளைப் போல ரிவெட் அடித்துச் சேர்த்தார்கள். பின்னால் வந்த நான்கு அட்லாண்டிக்குகளும் அலுமினியத்தில் செய்யப்பட்டவை. அலுமினியத்தை வெல்டிங் செய்யலாம், முகடு தேவையே இல்லை. ஆனாலும் ழான் அதை விடவில்லை. அழகு என்று பட்டதை அப்படியே வைத்துக்கொண்டார். நல்லவேளை.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. தென் அட்லாண்டிக் கடலின் மேல் அஞ்சல் விமானப் பாதை திறந்த பிரெஞ்சு விமானி ழான் மெர்மோஸ், புகாட்டி குடும்பத்துக்கு நண்பர். 1936 டிசம்பரில் அதே கடலின் மேல் பறந்தபோது காணாமல் போனார். அவர் நினைவாகவே இந்தக் காருக்கு அட்லாண்டிக் என்ற பெயர் நிலைத்தது.

உள்ளே இருந்த பொறியியலும் காலத்தை முந்தியதுதான். 3,257 சிசி கொள்ளளவு, ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர்கள், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம்ஷாஃப்டுகள். சாதாரண 57 வகை சுமார் 135 குதிரைத்திறன் தந்தது. 'எஸ்' என்ற எழுத்து தாழ்த்தப்பட்டது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து. அந்த வகையில் காரின் அடிச்சட்டத்தை, அதாவது சேஸிஸை, தரையோடு ஒட்டினாற்போல இறக்கியிருந்தார்கள். எவ்வளவு தாழ்வு என்றால், பின் அச்சு சட்டத்துக்கு அடியில் போகாமல் சட்டத்தில் வெட்டிய துளைக்குள்ளேயே நுழைந்து போகும். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி வைக்க இடம் போதவில்லை. எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்ப் மூலம் சுற்றவிட்டார்கள். பந்தயக் கார்களில் செய்கிற ஏற்பாடு அது. 'சி' என்றால் சூப்பர்சார்ஜர் உண்டு என்று அர்த்தம். காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கும் கருவி அது; கூடுதல் காற்று, கூடுதல் எரிபொருள், கூடுதல் பலம். அதோடு சேர்த்து சுமார் 200 குதிரைத்திறன், மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடும் வேகம். அன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் 100-ஐ எட்டவே திணறிக்கொண்டிருந்தன.

ஆனால் எல்லாமே புதுமை என்று சொல்லிவிட முடியாது. முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே திட அச்சில்தான் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு அப்போதே வந்துவிட்டது; பெரியவர் எத்தோரே அதற்கு இடம் கொடுக்கவில்லை. மகனின் துணிச்சலும் தந்தையின் பிடிவாதமும் ஒரே வண்டியில் அடங்கியிருப்பதாலேயே இந்தக் கார் எனக்கு இன்னும் பிடித்துப் போகிறது.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம்.

அட்லாண்டிக்குகளின் சேஸிஸ் எண்கள் 57374, 57453, 57473, 57591. முதல் இரண்டு இலக்கம் கார் வகை, அடுத்த மூன்று வரிசை எண். இந்த எண் காரின் தகட்டில் இருக்கும். அதோடு இன்ஜினைச் சட்டத்தில் தாங்கிப் பிடிக்கும் கால்களில் ஒன்றிலும் உளியால் அடித்துப் பொறித்திருப்பார்கள். இன்ஜினுக்குத் தனியாக ஓர் எண், கியர்பாக்ஸுக்கு ஓர் எண், பின் அச்சுக்கு ஓர் எண். எந்தச் சட்டத்தில் எந்த இன்ஜின் ஏறியது, எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்பதெல்லாம் தொழிற்சாலைப் பேரேட்டில் பதிவாகும். பேரேட்டில் இருப்பதும் உலோகத்தில் இருப்பதும் ஒத்துப்போனால் அதை எண்கள் பொருந்திய கார் என்பார்கள். தகடு ஒரு சின்ன அலுமினியத் துண்டு. நாலு திருகைக் கழற்றினால் வேறு வண்டியில் மாட்டிவிடலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தகட்டைப் பார்த்து மயங்குவதில்லை. குனிந்து இன்ஜின் காலைத் தேடுவார்கள்.

எண் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்குக் காகிதம் வேண்டும்: விற்பனை ரசீது, பதிவுப் புத்தகம், சர்வீஸ் பில், கடிதம், பழைய புகைப்படம். புகைப்படத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மட்கார்டில் ஒரு வளைவு, விளக்கு பொருத்திய உயரம், நம்பர் பிளேட்டு என்று ஒரு மங்கிய படம் பத்து ஆண்டு இடைவெளியை அடைத்துவிடும்.

முதல் கார் 57374. 1936-ல் லண்டனுக்குப் போனது, வாங்கியவர் விக்டர் ராத்ஸ்சைல்ட். வங்கிக் குடும்பத்து வாரிசு, ஆனால் தொழிலால் உயிரியலாளர். இரண்டாம் உலகப் போரில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்ததற்காக ஜார்ஜ் பதக்கம் பெற்றவர். வாங்கும்போது காரில் சூப்பர்சார்ஜர் இல்லை. பிறகு தொழிற்சாலைக்கே அனுப்பிப் பொருத்திக்கொண்டார். அதாவது எஸ் ஆகப் பிறந்து எஸ்சி ஆனது. பொருத்தியது தொழிற்சாலையே என்பதால் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. போருக்குப் பின் கார் அமெரிக்கா சேர்ந்தது. 1971-ல் பீட்டர் வில்லியம்சன் என்ற நரம்பியல் மருத்துவர் ஏலத்தில் 59,000 டாலருக்கு எடுத்தார். அன்றைக்கு அது தலைசுற்றும் தொகை. 2003-ல் கலிஃபோர்னியாவில் நடக்கும் பெபிள் பீச் பழங்கார் விழாவில் இதற்கே தலைப் பரிசு. வில்லியம்சன் மறைந்த பிறகு, 2010-ல் தனிப்பட்ட முறையில் கைமாறியது. விலை 30 முதல் 40 மில்லியன் டாலர் வரை என்று செய்திகள் வந்தன; அதற்கு முன் எந்தக் காரும் எட்டாத உயரம் அது. அதன் பின் பல ஆண்டுகள் கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில், முலின் அருங்காட்சியகத்தில் நின்றது.

59,000 எங்கே, 3 கோடி டாலர் எங்கே! அந்த நாற்பது ஆண்டுகளில் கார் பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். கேள்வி கேட்க இடமில்லாத சங்கிலி. அரிதான பொருள் என்பதோடு இதற்கும் சேர்த்துத்தான் வாங்கியவர்கள் பணம் கொடுத்தார்கள்.

கடைசிக் கார் 57591-ன் கதை இன்னும் நேர்க்கோடு. 1938-ல் இங்கிலாந்தில் போப் என்பவருக்குப் போனது. ஈஎக்ஸ்கே 6 என்ற பதிவு எண்ணோடு பல கை மாறி, 1988-ல் ஆடை வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரனிடம் வந்து சேர்ந்தது. முழுதாகப் புதுப்பித்துக் கருப்பு வண்ணம் பூசினார். 1990-ல் பெபிள் பீச்சிலும் 2012-ல் இத்தாலியின் வில்லா டெஸ்டே விழாவிலும் முதலிடம். பிறக்கும்போது அந்தக் கார் நீலம். கருப்பு அதற்கு அற்புதமாகப் பொருந்துகிறது என்பதை மறுக்க மாட்டேன், ஆனாலும் நீலத்திலேயே விட்டிருக்கலாம் என்ற ஆசை எனக்குப் போகவில்லை.

மூன்றாவது கார் 57473-க்கு வரும்போது மனம் கனக்கிறது. 1936-ல் தெற்கு பிரான்ஸின் நீஸ் நகரத்தைச் சேர்ந்த ஜாக் ஹோல்ட்ஷூ என்பவர் வாங்கினார். கடற்கரை ஊர்களில் நடக்கும் கார் அழகுப் போட்டிகளில் பரிசு வாங்கிய வண்டி. பிறகு வேறு கைகளுக்குப் போனது. 1955-ல் பிரான்ஸில் ஒரு ரயில்வே லெவல் கிராசிங்கில் ரயில் மோதியது. ஓட்டிய உரிமையாளரும் உடன் இருந்தவரும் அங்கேயே இறந்தார்கள். கார் கசங்கிய உலோகமாகப் பழைய இரும்பு இடத்துக்குப் போய்ப் பல ஆண்டுகள் கிடந்தது. 1960-களில் ஒரு சேகரிப்பாளர் அந்தச் சிதைவை வாங்கி, மீட்க முடிந்ததை மீட்டு, மற்றதைப் புதிதாகச் செய்து, 1970-களில் மறுபடி ஒரு காராக நிமிர்த்தினார். 2010-ஐ ஒட்டி அமெரிக்காவில் இன்னொரு முறை, பழைய படங்களை வைத்து நுணுக்கமாகப் புதுப்பித்தார்கள்.

இப்போது கேள்வி: இது அந்தக் கார்தானா? நசுங்கிய தகட்டை நிமிர்த்திப் பயன்படுத்தினால் அது பழைய உடல். பாதித் தகடு புதிது என்றால்? கார் உலகத்தில் இதற்கு ஒரே பதில் கிடையாது. சட்டமும் சேஸிஸ் எண்ணும் தொடர்ந்து வந்தால் அடையாளம் தொடர்கிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வழக்கம். விலை மட்டும், எத்தனை பகுதி மூலத்தது என்பதைப் பொறுத்து ஏறும் இறங்கும். என்னைக் கேட்டால் 57473 முழு அட்லாண்டிக்தான். விபத்தும் அதன் வரலாற்றில் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை மறைத்தால்தான் அது பொய்யாகும். மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு காரின் வரலாறு என்பது பரிசுக் கோப்பைகளின் பட்டியலாக மட்டும் இருந்துவிட்டால், அந்த இரண்டு பேரை யார் நினைப்பார்கள்?

இதற்கு நேர் எதிரான ஒரு காரையும் சொல்லிவிடுகிறேன். இது அட்லாண்டிக் இல்லை. அதே 57 எஸ் சட்டத்தில் வேறு உடல் ஏற்றிய அட்டாலாண்ட் வகை, எண் 57502. 1937-ல் முதல் சொந்தக்காரர் ஏர்ல் ஹவ் என்ற பிரபு, பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் சங்கத்தின் முதல் தலைவர். பின்னால் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் ஒரு மருத்துவர் வாங்கி, 1960-களின் தொடக்கத்தில் கராஜில் நிறுத்தியவர், அதன் பிறகு எடுக்கவே இல்லை. அவர் காலமான பிறகு கதவைத் திறந்த உறவினர்கள் கண்டது தூசி மூடிய ஒரு புகாட்டி. யாரும் கழற்றவில்லை, மாற்றவில்லை. 2009-ல் பாரிஸில் நடந்த பான்ஹாம்ஸ் ஏலத்தில் அந்தத் தூசியோடே சுமார் 34 லட்சம் யூரோவுக்குப் போனது. துடைத்துப் பளபளப்பாக்கி விற்பதுதான் நமக்குத் தெரிந்த வியாபாரம். இங்கே தூசிக்கே மதிப்பு. யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

கடைசியாக 57453. சேகரிப்பாளர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கார்.

இதைத் தொழிற்சாலை யாருக்கும் விற்கவில்லை. ழான் தனக்கென வைத்துக்கொண்டார். விளம்பர ஏட்டில் வந்த படங்கள் இதனுடையவை. நீஸ், லியோன் நகரக் கண்காட்சிகளில் நின்றதும் இதுவே. நிறம் கருப்பு, அதனால் 'கருப்பு வண்டி' என்று பொருள்படும் 'லா வாத்யூர் ந்வார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ழானோடு, தொழிற்சாலைக்கு நெருக்கமான சிலரும் ஓட்டினார்கள். அவர்களில் ஒருவர் 1937-ல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தைப் புகாட்டியில் வென்ற ராபர்ட் பெனுவா. 1929-ல் முதல் மொனாக்கோ கிராண்ட் பிரியை வென்ற வில்லியம் குரோவர்-வில்லியம்ஸின் கையிலும் இது இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

1939 ஆகஸ்டில் மோல்சைம் அருகே ஒரு பந்தயக் காரைச் சோதித்து ஓட்டும்போது ழான் விபத்தில் இறந்தார். வயது 30. அடுத்த மாதமே உலகப் போர். 1940-ல் ஜெர்மன் படை அல்சாஸைப் பிடித்தது. பெனுவாவும் குரோவர்-வில்லியம்ஸும் பிரிட்டனின் ரகசியப் படையில் சேர்ந்து பிரான்ஸுக்குள் வேலை செய்தார்கள். இருவருமே பிடிபட்டு, நாஜி வதைமுகாம்களில் கொல்லப்பட்டார்கள். காரைப் பற்றித் தெரிந்திருக்கக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

மிஞ்சியிருப்பது ஒரு காகிதத்தின் ஒரு வரி. 1941 பிப்ரவரியில் ரயிலில் போர்தோ நகரத்துக்கு அனுப்ப வேண்டிய கார்களின் பட்டியலில் ஓர் எண்: 57454. அப்படி ஓர் அட்லாண்டிக் செய்யப்படவே இல்லை. எழுதியவர் கை தவறி 3-ஐ 4 ஆக்கினாரா, ஜெர்மானியர் கண்ணில் படக் கூடாது என்று வேண்டுமென்றே மாற்றினார்களா? எதுவானாலும் அந்த வரியோடு கார் மறைந்தது. ரயில் ஏறியதா, வழியில் குண்டுவீச்சில் அழிந்ததா, உலோகத்துக்காக உருக்கப்பட்டதா, எங்கோ ஒரு வைக்கோல் கொட்டகையில் நிற்கிறதா என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. இன்று கிடைத்தால் 10 கோடி யூரோவுக்கு மேல் போகும் என்று புகாட்டி நிறுவனமே சொல்கிறது. 2019-ல் அதே பெயரில் நிறுவனம் செய்த ஒற்றைப் புதுக் காரின் விலை வரி நீங்கலாக 1 கோடியே 10 லட்சம் யூரோ. இல்லாத காருக்கு இருக்கிற காரைப்போல ஒன்பது மடங்கு மதிப்பு!

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலி வராமல் இருக்காது. உண்மையான 57 சட்டத்தின் மேல் அட்லாண்டிக் வடிவத்தில் உடல் கட்டிய பிரதிகள் ஏற்கெனவே பல உண்டு. பிரதி என்று சொல்லிச் செய்வதில் தப்பில்லை. கைவேலையில் சில அசலுக்குச் சளைத்தவை அல்ல. ஆனால் நாளைக்கே ஒருவர் போர்தோ பக்கத்தில் ஒரு கொட்டகையைத் திறந்து, "கருப்பு வண்டி இதோ" என்று காட்டினால், பார்க்க வருபவர் முதுகு முகட்டையும் கதவு வளைவையும் ரசித்துக்கொண்டு நிற்க மாட்டார். நேராக பானெட்டைத் திறப்பார். டார்ச்சை அடித்து, இன்ஜினின் கால் இருக்கும் மூலையில் எண்பது வருட எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைப்பார். கடைசி இலக்கம் 3 என்று இருக்க வேண்டும். ஒருவேளை யாரோ அவசரத்தில் அதன் மேலேயே 4 என்று அடித்துத் திருத்தியிருந்தால், அந்தப் பட்டியலில் நடந்தது கைத்தவறு இல்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.